முதல் ஆளை அளக்கும் முன்: உடற்பயிற்சி ஆய்வு செய்யப்போகும் எம்.பி.டி. (முதுநிலை இயன்முறை மருத்துவ) மாணவர்களுக்கு

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை, 11 பேரை வரவழைத்து, இரத்த அழுத்தம் பார்த்து, இடுப்பளவு எடுத்து, ஆறு நிமிட நடைச் சோதனை வரை முடித்து, எல்லாருக்கும் டீயும் வாழைப்பழமும் கொடுத்து அனுப்பிவிட்டு, பெரிய வேலை முடித்த திருப்தியில் வீட்டுக்குப் போனேன். அந்த 11 தாளையும் பிறகு தனியாகக் கட்டி ஓரமாக வைக்க வேண்டியதாயிற்று. சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) எண் வருவதற்கு முன்பே ஆளைச் சேர்த்துவிட்டேன் என்பதுதான் காரணம். எனக்கு யாரும் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன், சொன்னார்கள், எனக்குத்தான் உறைக்கவில்லை.

நான் செய்தது 40 முதல் 55 வயதுப் பெண்களுக்கு 12 வாரம் ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துச் செய்யும் ரப்பர் பட்டை) பயிற்சி. உங்களுடையது பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டமாக இருக்கலாம், முதியோரின் சமநிலைப் பயிற்சியாக இருக்கலாம், பி.எச்டி.க்கான உடற்கல்வி ஆய்வாகவும் இருக்கலாம். வரிசை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

இரண்டு வருடப் படிப்பு, நிறைய நேரம் இருக்கிறது என்று தோன்றும். என் கணக்கு இது: தலைப்பு முடிவானது ஜூனில். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு, அதாவது எத்திக்ஸ் கமிட்டி, கூடியது செப்டம்பரில். திருத்தங்கள் கொடுத்து அனுமதிக் கடிதம் கைக்கு வந்தது அக்டோபர் கடைசியில். சிடிஆர்ஐ எண் டிசம்பரில். பொங்கல் முடிந்துதான் ஆட்களைச் சேர்க்க முடிந்தது, 12 வாரம் ஓடி முடிந்தபோது ஏப்ரல். ஆக, பயிற்சி நடந்தது மூன்று மாதம், அதற்கு முந்தைய காகித வேலை ஆறு மாதம்.

ஆகவே உங்கள் கல்லூரிக் கமிட்டி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது, கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு கோப்பு கொடுக்க வேண்டும் என்ற இரண்டு கேள்வியை இன்றே அலுவலகத்தில் கேளுங்கள். நான் ஒரு கூட்டத்தின் கடைசித் தேதியை நான்கு நாளில் தவறவிட்டேன், அடுத்த கூட்டம் இரண்டு மாதம் கழித்து.

பயிற்சி நடக்கும் 12 வாரத்தையும் ஊர்க் காலண்டரோடு ஒட்டிப் பாருங்கள். ஆடியில் தொடங்கினால் கூழ் ஊற்றும் நாட்களில் ஒருவரும் வரமாட்டார்கள். பிள்ளைகளுக்குப் பரீட்சை வந்தால் அம்மாக்கள் நின்றுவிடுவார்கள். காலை 6 மணி என்று நான் வைத்திருந்தேன், அந்தத் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதும் காலை 6 மணிக்குத்தான் என்று முதல் வாரம்தான் தெரிந்தது.

2. எத்தனை பேர் வேண்டும்: "30 பேர் போதும்" என்பதை நம்பாதீர்கள்

சீனியர்கள் எல்லாரும் ஒரு குழுவுக்கு 15 என்று 30 பேரை வைத்து முடித்திருப்பார்கள். நீங்களும் அப்படியே எழுதினால் கமிட்டியில் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும், ஏன் 30?

ஜி-பவர் என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது, ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் பல்கலைக்கழகத்தில் உருவானது. இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் சாதாரண டி-டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிழைக்கு இடம் 5 சதவீதம், பவர் (வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு) 80 சதவீதம். எதிர்பார்க்கும் விளைவின் அளவு 0.5 என்றால் ஒரு குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128. 0.8 என்றால் குழுவுக்கு 26 பேர், மொத்தம் 52. குழுவுக்கு 15 பேரை வைத்துக்கொண்டு நடுத்தரமான ஒரு வித்தியாசத்தைப் பிடிக்கப் பார்ப்பது, பெரிய கண் வலையில் நெத்திலி பிடிப்பது மாதிரி.

இந்த 0.5, 0.8 எங்கிருந்து வருகிறது? ஆசைப்பட்ட எண்ணைப் போடக்கூடாது. உதாரணத்துக்கு, 30 விநாடி நாற்காலிச் சோதனையில் (அந்த நேரத்தில் எத்தனை முறை எழுந்து உட்காருகிறார் என்பது) இரு குழுவுக்கும் நடுவே 2 முறை வித்தியாசம் வந்தால்தான் பயன் என்று நினைக்கிறீர்கள், உங்களைப் போன்ற ஆட்களை வைத்துச் செய்த பழைய கட்டுரைகளில் திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பது) 2.5 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2-ஐ 2.5-ஆல் வகுத்தால் 0.8. இந்த ஒரு வரிக் கணக்கை ஆய்வுத் திட்டத்தில், அதாவது புரோட்டோகாலில், எழுதி வைத்தால் போதும், கேள்வி அங்கேயே நின்றுவிடும்.

பாதியில் நிற்பவர்களுக்கும் இடம் விட வேண்டும். 20 சதவீதம் பேர் நின்றுவிடுவார்கள் என்று வைத்தால் 26-ஐ 1.2-ஆல் பெருக்கக்கூடாது, 0.8-ஆல் வகுக்க வேண்டும். 33 வரும். என் ஆய்வு இப்படித்தான் 66 பேர் ஆனது. சின்ன விஷயம்தான், ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்டார்கள்.

3. எத்திக்ஸ் கமிட்டிக்கு என்னென்ன காகிதம்

முதலில் கமிட்டியின் லெட்டர்ஹெட்டைப் பாருங்கள். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனைகள் விதிகள் வந்த பிறகு, மருத்துவ, சுகாதார ஆய்வுகளைப் பார்க்கும் கமிட்டிகள் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண் இல்லாத கடிதத்தை வைத்துக்கொண்டு பின்னால் ஜர்னலில் மல்லுக்கட்ட வேண்டாம். உங்கள் கல்லூரியில் கமிட்டியே இல்லையென்றால், ஒப்பந்தம் போட்டு வேறொரு நிறுவனத்தின் கமிட்டியைப் பயன்படுத்திக்கொள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்களில் வழி இருக்கிறது.

நான் கொடுத்த கோப்பில் இருந்தவை:

- முழுப் புரோட்டோகால், ஒரு பக்கச் சுருக்கம்
- பங்கேற்பாளர் தகவல் தாள், ஒப்புதல் படிவம், இரண்டும் தமிழிலும் ஆங்கிலத்திலும்
- அளவுகளைக் குறிக்கும் தாள், கேள்வித்தாள்கள்
- என்னுடைய, என் கைடுடைய சுயவிவரம்
- நற்செய்முறைப் பயிற்சி, அதாவது ஜிசிபி சான்றிதழ் (ஆன்லைனில் இலவசமாகவும் கிடைக்கிறது, ஒரு நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும்)
- பயிற்சி நடக்கும் இடத்தின் அனுமதிக் கடிதம்
- செலவுக் கணக்கு, பணம் யார் கொடுக்கிறார்கள் என்ற குறிப்பு

கடைசியில் இருந்து இரண்டாவதுதான் எல்லாருக்கும் மறக்கிறது. நான் பயிற்சி நடத்தியது ஒரு சமுதாயக் கூடத்தில். வாய் வார்த்தையாக "தாராளமா நடத்துங்க தம்பி" என்றவரிடம் கையெழுத்து வாங்கப் போனபோது மூன்று வாரம் ஆனது.

"உடற்பயிற்சிதானே, ஆபத்து இல்லை, விலக்கு கொடுத்துவிடுவார்கள்" என்று நினைக்காதீர்கள். விலக்கு, விரைவுப் பரிசீலனை, முழுக் கமிட்டிப் பரிசீலனை என மூன்று வகை உண்டு. எது என்று முடிவு செய்வது கமிட்டி, நாம் இல்லை. பயிற்சியின் நடுவே ஒருவருக்கு மயக்கம் வந்தால் என்ன செய்வீர்கள், எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவீர்கள், செலவு யாருடையது என்று எழுதியிருக்க வேண்டும். ஆய்வால் வரும் காயத்துக்கு இலவச சிகிச்சை தர வேண்டும், பங்கேற்பாளரிடம் எதற்கும் பணம் வாங்கக்கூடாது. பள்ளிப் பிள்ளைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும்: 7 முதல் 12 வயது வரை வாய்மொழியாக, 12 முதல் 18 வரை எழுத்தில். தலைமையாசிரியர் கையெழுத்து பெற்றோர் கையெழுத்துக்கு ஈடாகாது.

என்னிடம் கமிட்டி கேட்டதில் ஒன்றை நான் யோசித்தே பார்த்திருக்கவில்லை. கன்ட்ரோல் குரூப்புக்கு, அதாவது பயிற்சி இல்லாமல் ஒப்பிட மட்டும் வைத்திருக்கும் குழுவுக்கு, என்ன கொடுக்கிறீர்கள்? 12 வாரம் சும்மா இருக்கச் சொல்லி, கடைசியில் ஒரு நன்றி சொல்லி அனுப்புவதா? ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் பேண்ட் கொடுத்துப் பயிற்சி சொல்லித் தருகிறேன் என்று எழுதிக்கொடுத்தேன். நியாயமான கேள்விதான். ஆனால் 33 பேண்ட் கூடுதலாக வாங்க வேண்டி வந்தது.

4. தமிழ் ஒப்புதல் படிவம்: இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்

ஆங்கிலப் படிவத்தை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு எடுத்தேன். வந்தது தமிழ் எழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். யார் எந்தக் குழு என்று தெரியாமல் அளவெடுப்பவரை அது "குருட்டு மதிப்பீட்டாளர்" ஆக்கியிருந்தது. படித்துப் பார்த்த ஒரு அக்கா, "பாவம், கண்ணு தெரியாதவங்களா வந்து அளக்குறாங்க?" என்று கேட்டார்.

பிறகு உட்கார்ந்து நானே எழுதினேன். ரேண்டம் என்பதற்கு "சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு" என்றெல்லாம் போடாமல், சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்தக் குழு என்று முடிவு செய்வோம், நீங்களோ நானோ தேர்ந்தெடுக்க முடியாது என்று எழுதினேன். மகளிர் குழுவில் சீட்டு பிடிப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "குலுக்குச் சீட்டு மாதிரி, ஏலச் சீட்டு மாதிரி இல்ல" என்று அவர்களே பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னார்கள்.

எழுதியதைத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே திணறுகிறாரோ அங்கே மாற்றுங்கள். பிறகு, ஆங்கில மூலத்தைப் பார்க்காத வேறொருவரை வைத்து இதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய்ச் சரிபாருங்கள், பல கமிட்டிகள் இதற்கும் சான்று கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைநாட்டு வைக்கலாம், ஆனால் படிக்கத் தெரிந்த, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத சாட்சி ஒருவர் கூட இருந்து கையெழுத்திட வேண்டும். சாட்சியாக உங்கள் வகுப்புத் தோழனை நிறுத்தாதீர்கள்.

5. சிடிஆர்ஐ பதிவு: நான் விழுந்த குழி

இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டைத்தான் எல்லாரும் சிடிஆர்ஐ என்கிறோம். ஐசிஎம்ஆர் டெல்லியில் இருந்து நடத்துகிறது. கட்டணம் கிடையாது. யாராவது "பதிவு செய்து தருகிறேன், இவ்வளவு ஆகும்" என்றால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மருந்து கொடுக்கவில்லையே, நடக்கத்தானே சொல்கிறோம் என்று தோன்றும். ஆட்களைக் குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஏதோ ஒன்றைச் செய்யச் சொல்லி, உடல்நலத்தில் என்ன மாறுகிறது என்று பார்த்தால் அது சோதனைதான். பேண்டும் நடையும் யோகாவும் அதில் அடங்கும்.

முக்கியமான விஷயம்: 2018 ஏப்ரல் 1 முதல், முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவாகும் ஆய்வுகளை மட்டும்தான் ஏற்கிறார்கள். பின்னால் போய்ப் பதிவு செய்ய வழியில்லை. படிவத்தை அனுப்பியதும் ஒரு குறிப்பு எண் வரும், அது பதிவு எண் இல்லை. நான் அதைப் பார்த்துத்தான் "வந்துவிட்டது" என்று துள்ளி 11 பேரைக் கூப்பிட்டேன். உண்மையான எண் சிடிஆர்ஐ என்று தொடங்கி, ஆண்டு, மாதம், அப்புறம் ஒரு எண் என்று இருக்கும். அதுவரை யாரையும் அளக்காதீர்கள். பெயர்ப் பட்டியல் கூட வேண்டாம் என்பது என் கட்சி, பட்டியல் இருந்தால் கை அரிக்கும்.

படிவம் நிரப்பும்போது கவனிக்க வேண்டியவை:

தலைப்பு, எத்திக்ஸ் கடிதத்தில் இருப்பது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கட்டும். என் கடிதத்தில் பழைய தலைப்பு இருந்தது, நான் திருத்திய தலைப்பைப் பதிவேட்டில் போட்டேன். கேள்வி வந்தது, கமிட்டியிடம் திருத்தக் கடிதம் வாங்க இரண்டு வாரம். கடிதத்தின் ஸ்கேன் தெளிவாக, தேதியும் கையெழுத்தும் தெரியும்படி இருக்க வேண்டும்.

முதுநிலை ஆய்வேடா என்று கேட்கும் இடத்தில் ஆம் என்று குறியுங்கள். முதன்மை ஆய்வாளர் இடத்தில் என் பெயர், அறிவியல் விவரங்களுக்கான தொடர்பில் கைடின் பெயர் போட்டேன்.

முதல் ஆளைச் சேர்க்கும் தேதியை நெருக்கி வைக்காதீர்கள். கேள்வி பதில் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தத் தேதி கடந்துவிட்டால் திரும்பவும் திருத்த வேண்டும். ஆறு வாரமாவது தள்ளி வையுங்கள்.

முதன்மை அளவு (ஆய்வின் முடிவு எதை வைத்து என்பது) ஒன்றே ஒன்று, எந்த நாளில் அளப்பீர்கள் என்பதோடு. "உடல்தகுதி முன்னேற்றம்" என்று போட்டால் திரும்பி வரும். "30 விநாடி நாற்காலிச் சோதனை, தொடக்கத்திலும் 12-ஆம் வார இறுதியிலும்" என்று போடுங்கள். குலுக்கல் முறை, உறை முறை (எந்தக் குழு என்ற சீட்டை உறையில் மறைத்து வைப்பது) எல்லாம் தனித்தனியாகக் கேட்பார்கள். வெளிச்சத்தில் பிடித்தாலும் உள்ளே தெரியாத, எண்ணிட்டு ஒட்டிய உறைகள் போதும். உறை தயாரிப்பவரும் ஆள் சேர்ப்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது.

6. செலவு

என் கணக்கு, வட்டமாக: பயிற்சிக் குழுவுக்கு 33 பேண்ட், ஒன்று 250 ரூபாய் வீதம் 8,250. பங்கேற்பாளர் பஸ் செலவு, 66 பேருக்கு இரண்டு அளவெடுப்பு நாள், நாளுக்கு 50 வீதம் 6,600. டிஜிட்டல் பிபி கருவி 2,000. அச்சு, ஜெராக்ஸ் 1,500. கூம்பு, அளவு நாடா, ஸ்டாப்வாட்ச் 600. டீ, சுண்டல், பழம் 2,000. ஆக 20,950. அதோடு கன்ட்ரோல் குரூப்புக்கான 33 பேண்ட் இன்னொரு 8,250, மொத்தம் 29,200. இதில் கமிட்டிக் கட்டணம் இல்லை, மாணவர்களிடம் வாங்காத இடமும் உண்டு, வாங்கும் இடமும் உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பேண்டை மொத்தமாக வாங்கும்போது நாலைந்து உபரி வாங்குங்கள், அறுந்துபோகும்.

பஸ் காசு தவிர வேறு பணமோ பரிசோ கொடுப்பதாக இருந்தால் கமிட்டிக்கு முன்பே எழுத வேண்டும். நான் கடைசி நாளில் எவர்சில்வர் டம்ளர் கொடுக்க நினைத்தேன், கைடு தடுத்துவிட்டார்.

7. அளவெடுக்கும் நாள்

முதலில் உடற்பயிற்சிக்குத் தகுதியா என்று பார்க்கும் கேள்விகள், பார்க்-யூ பிளஸ் படிவத்தின் முதல் பக்கத்தில் 7 கேள்வி. ஒன்றுக்காவது ஆம் என்றால் அடுத்த பக்கங்களையும் கேட்க வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஆள் குறைகிறதே என்று இதில் கண்ணை மூடாதீர்கள்.

ஆறு நிமிட நடைக்கு 30 மீட்டர் நேர்ப் பாதை வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் ஸ்ட்ரெச்சர் வரும், சொந்தக்காரர் வருவார், டீக்காரர் வருவார். காலியாக இருக்கும் கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் மிக வசதி, முகூர்த்தம் இல்லாத நாளாகப் பாருங்கள். பாதை குறைந்தால் திரும்பும் முறை கூடும், தூரம் குறையும், ஆகவே முதலிலும் கடைசியிலும் ஒரே இடம். கடந்த ஒரு மாதத்தில் மாரடைப்பு வந்தவரை நடக்க வைக்கக்கூடாது. ஓய்வில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டினாலோ, இரத்த அழுத்தம் மேலே 180-ஐயோ கீழே 100-ஐயோ தாண்டினாலோ அன்றைக்கு வேண்டாம். ஒவ்வொரு நிமிடமும் சொல்லும் ஊக்க வாக்கியம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். "நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் 5 நிமிடம்" என்று அட்டையில் எழுதி வைத்துப் படித்தேன். தெரிந்த அக்கா நடக்கும்போது "வேகமா வாங்கக்கா" என்று வாய் தானாக வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

நாற்காலிச் சோதனைக்கு 43 செ.மீ. உயரம், கைப்பிடி இல்லாதது, சுவரோடு ஒட்டி வைத்தது. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். புடவை முந்தானையைச் செருகச் சொல்லுங்கள், கைகள் மார்பில் குறுக்காக இருக்கட்டும்.

உடல் உழைப்பை அளக்க உலக சுகாதார நிறுவனத்தின் 16 கேள்விகள் கொண்ட ஜிபேக் கேள்வித்தாளை எடுத்தேன். "வேலை பார்க்கிறீர்களா?" என்றால் "இல்லப்பா, வீட்லதான்" என்பார்கள். அப்படியே பூஜ்யம் போட்டுவிடாதீர்கள். இரண்டு குடம் தண்ணீரோடு மாடி ஏறுவதும், மாவு ஆட்டுவதும், துணி அலசுவதும் அதில் வேலைதான். ஒவ்வொன்றாகக் கேட்டு, தொடர்ச்சியாகப் பத்து நிமிடம் செய்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால், உழைத்துக் களைத்தவர்களை "உடல் உழைப்பு அற்றோர்" என்று ஆய்வேட்டில் எழுதிவிடுவீர்கள். இடுப்பளவு, பிஎம்ஐ எழுதும்போது இந்தியர்களுக்கான எல்லைகளைப் பயன்படுத்துங்கள்: பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90, பிஎம்ஐ 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல் பருமன்.

8. பயிற்சி நாட்களில் எழுதி வைக்க வேண்டியது

சேர்ட் என்று 16 அம்சப் பட்டியல் ஒன்று 2016-இல் வெளியானது, உடற்பயிற்சி ஆய்வைக் கட்டுரையாக எழுதும்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்பதற்கு. எழுதும்போது பார்க்கலாம் என்று விட்டுவிடாமல் முதல் நாளே அச்செடுத்து நோட்டில் ஒட்டுங்கள். எந்த நிற பேண்ட், எத்தனை முறை, எப்போது அடுத்த, இன்னும் இறுக்கமான நிறத்துக்கு மாறினார், யார் சொல்லிக்கொடுத்தது, வலி வந்ததா, வீட்டில் செய்தாரா, எல்லாம் அதில் கேட்கிறார்கள். மூன்று மாதம் கழித்து ஞாபகத்தில் இருந்து எழுத முடியாது.

வராதவரிடம் ஏன் வரவில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், கண்டிக்காதீர்கள். நின்றுபோனவரையும் 12-ஆம் வாரம் அளவெடுக்க மட்டுமாவது கூப்பிடுங்கள். அவர் எந்தக் குழுவுக்குச் சீட்டில் வந்தாரோ அந்தக் குழுவிலேயே கணக்கில் சேர வேண்டும். ஒழுங்காக வந்தவர்களை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் முடிவு அழகாக வரும், ஆனால் அது பொய். என்னிடம் 66-இல் 9 பேர் நின்றார்கள். அவர்களில் 5 பேர் கடைசி அளவுக்கு வந்தார்கள், இரண்டு பேரை நானே வண்டியில் போய் அழைத்து வந்தேன்.

9. முடிந்ததும்

சிடிஆர்ஐயில் நிலையை "முடிந்தது" என்று மாற்ற வேண்டும், கமிட்டிக்கு நிறைவு அறிக்கை கொடுக்க வேண்டும். இரண்டும் அரை மணி வேலை, ஆய்வேடு கட்டிக் கொடுத்த பிறகு யாருக்கும் ஞாபகம் வராத வேலை. பங்கேற்பாளர் ஒவ்வொருவருக்கும் அவரவர் முதல் அளவும் கடைசி அளவும் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் கொடுத்த அன்று, நவம்பரில் அளந்து ஒதுக்கி வைத்த அந்த 11 பேரில் ஒருவர், "தம்பி, என்னை மூணு தடவை அளந்தீங்களே, இதுல ரெண்டுதானே இருக்கு" என்று கேட்டார்.